அவன் உதட்டில் என் வசனம்

குக்கர் விசில் திருடும் ஒருவனைப் பற்றி நான் ஒரு குறும்படம் எடுத்தேன். பதினேழு நிமிடம். துப்பறியும் கதைதான், ஆனால் சிரிக்க வேண்டிய கதை. ஆறே வீடுகள் உள்ள ஒரு பழைய ஃப்ளாட்ஸில் குக்கர் விசில்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. நகை போகவில்லை, வெள்ளிக் குத்துவிளக்கு போகவில்லை, விசில் மட்டும் போகிறது. ஃப்ளாட்ஸ் அசோசியேஷனின் செயலாளர் வீடு வீடாக விசாரிக்கக் கிளம்புகிறார்.

கதை வந்த விதம் ரொம்பச் சாதாரணம். அடையாரில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சமையலறைக்கும் பக்கத்து வீட்டுச் சமையலறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அரிசியை வைத்துவிட்டு, நாலு விசில் என்று மனதில் குறித்துக்கொண்டு, ஹாலில் லேப்டாப்போடு உட்காருவேன். நாலு வந்ததும் எழுந்து போய் அணைப்பேன். திறந்தால் அரிசி அரிசியாகவே கிடக்கும். அந்த நாலில் இரண்டு பக்கத்து வீட்டுடையவை. ஒரு நாள் அந்த அரைவேக்காட்டைத் தயிர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்தபோது, இந்தக் கட்டடத்தில் என் குக்கர் மட்டும் கூவினால் எவ்வளவு நிம்மதி என்று தோன்றியது. திருடனும் கிடைத்துவிட்டான், திருடுவதற்கான காரணமும் கிடைத்துவிட்டது.

ஏழு மாதம் எழுதினேன். பேருந்தில், அலுவலக மதிய இடைவேளையில், ஒரு முறை பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பேசியில். என் பிழைப்பு பிறர் எடுத்த படங்களுக்குச் சப்டைட்டில் போடுவது. யாரோ எழுதிய நகைச்சுவையைத் திரும்பத் திரும்பக் கேட்டு, இரண்டு வரிக்குள் அடக்கி, அடுத்ததற்குப் போவேன். அதனால், கறுப்புத் திரையில் ‘எழுத்து, இயக்கம்’ என்று வந்து அதன் கீழே என் பெயர் மட்டும் நிற்க வேண்டும் என்பது எனக்குச் சின்ன ஆசை இல்லை. அதற்காகத்தான் மற்ற எல்லாம். சும்மா நல்ல படம் எடுக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன் என்று சொன்னால் அது பொய்.

மொத்தப் படக்குழுவும் ஓர் ஆட்டோவில் அடங்கிவிடும். கேமராவும் எடிட்டிங்கும் என் தோழி. ஒலிப்பதிவும் அவள்தான், ஏனென்றால் மைக் அவளுடையது. செயலாளராக நடித்தவர் என் சித்தப்பா. மயிலாப்பூரில் நாங்கள் படம் பிடித்த ஃப்ளாட்ஸுக்கு அவர் உண்மையிலேயே செயலாளர். பழைய ஆவணங்களும் அசோசியேஷன் கூட்டக் குறிப்புகளை எழுதும் மினிட்ஸ் புக்கும் திணித்த துணிப்பையோடு எப்போதும் நடமாடுவார் என்பதால் உடைக்கும் பொருளுக்கும் செலவே இல்லை. சித்தி வீட்டைக் கொடுத்தார், சமைத்துக் கொடுத்தார், இரண்டு நாளும் கேமராவுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து எங்களைக் கண்காணித்தார்.

திருடனாக நடித்தவன்தான் அவன்.

கல்லூரியில் என்னோடு படித்தவன். தி. நகரில் அவன் மாமாவுக்குப் புடவைக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நிலைத்த குடும்பம். படிப்பு முடிந்த மறு வாரமே மாமா அவனைக் கடையில் நிறுத்திவிட்டார். வாங்கப் போவதில்லை என்று முகத்திலேயே எழுதியிருக்கும் பெண்களுக்கு நாள் முழுவதும் புடவை விரித்துக் காட்டி, அவர்களைச் சிரிக்கவும் வைத்து அனுப்புவான். கல்லூரிக் கலைவிழாவில் மூன்று வருடமும் நாடகம் எழுதியது நான். மூன்று வருடமும் கைதட்டல் வாங்கியது அவன். அப்போதே என் வயிற்றில் ஏதோ ஒன்று சின்னதாக எரிந்தது. நல்ல நடிகனை நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்லிச் சொல்லி அதை அணைத்து வைத்திருந்தேன்.

படத்தின் உயிர் நாலாவது காட்சியில் இருந்தது. விசாரிக்க வந்த செயலாளரை அவன் சாப்பிட உட்கார வைக்கிறான். சாதம் பரிமாறுகிறான். இதுவரை அவன் வீட்டில் சாதம் உருப்படியாக வந்ததே இல்லை என்று முதல் காட்சியில் காட்டியிருக்கிறோம். இப்போது அருமையாக வந்திருக்கிறது. மற்ற வீட்டு விசில்கள் போன பிறகுதான் அவனால் தன் விசிலைச் சரியாக எண்ண முடிகிறது. துப்பு அவ்வளவுதான். பார்ப்பவர் காதில் அது விழ வேண்டும், ஆனால் உறைக்கக் கூடாது. நான் எழுதியிருந்த வசனம் இது: “இப்பல்லாம் சாதம் ரொம்ப நல்லா வருது சார். ஏன்னே தெரியல. ஒரு வாரமா இப்படித்தான்.”

அந்த ‘ஒரு வாரமா’ மீது எனக்குத் தனிப் பெருமை. எவ்வளவு சாதாரணமாக வைத்திருக்கிறேன் பார் என்று தோழியிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பேன்.

முதல் மூன்று டேக்கும் சித்தப்பாவால் கெட்டன. ஒவ்வொரு முறையும் கேமராவைப் பார்த்துவிட்டு, பார்த்ததற்கு மன்னிப்புக் கேட்டார். சாப்பிடுவது மட்டும் குறையே இல்லாமல் நடந்தது. பின்னாலிருந்து சித்தி, “போதும், நிறுத்துங்கோ! சுகரை வச்சிண்டு மூணாவது தட்டு!” என்று என்னை முந்திக்கொண்டு கட் சொன்னார்.

“டைரக்டர் சொல்லணும்டி கட்டு,” என்றார் சித்தப்பா, வாய் நிறைய சாதத்தோடு.

“டாக்டர் ஏற்கெனவே சொல்லியாச்சு.”

நாலாவது டேக்கில் அவன் சாதத்தைத் தட்டில் போட்டான். குனிந்து அதையே பார்த்தான். ஒரு பருக்கையை எடுத்து வெளிச்சத்தில் காட்டினான். கடையில் ஜரிகையைக் காட்டுகிற அதே விரல்கள். “பருக்கை பருக்கையா நிக்குது பாருங்க சார். ஒண்ணோட ஒண்ணு பேசறதே இல்ல. நம்ம ஃப்ளாட்ஸ் மாதிரி.”

சித்தி முக்காலியிலிருந்து சரிந்தார். தோழியின் தோள் குலுங்கியது, ஆனால் கேமராவை அசையாமல் பிடித்திருந்தாள். சித்தப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையான செயலாளர் அல்லவா, உண்மையாகவே வலித்தது. அந்த வலி முகத்தில் அப்படியே இருந்தது. இரண்டு நாளில் அவர் கேமராவைப் பார்க்காமல் நடித்த டேக் அது ஒன்றுதான்.

நானும் சிரித்தேன். எல்லோருக்கும் கடைசியாக, வாயை மட்டும் அகட்டி. “ஓகே. சூப்பர். இது இருக்கட்டும்,” என்றேன். ஏழு மாதம் என் தலைக்குள் இருந்த காட்சி அது. அவன் அதற்குள் நுழைந்து நாலு விநாடியில் இன்னும் நல்லதாக ஒன்றை வைத்துவிட்டுப் போகிறான். அதுவும் யோசிக்காமல். யோசித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது சித்தி அவனுக்குத்தான் முதல் அப்பளம் போட்டார். “தம்பிக்கு என்ன வாயி! எங்கேருந்துப்பா வருது உனக்கு?”

“கடையில நிக்கறேன்ல அத்தை. பேசலைன்னா தூங்கிடுவேன்.”

“கதையும் நீங்க ரெண்டு பேரும் சேந்துதான் எழுதினேளா?”

“அய்யோ, இல்ல அத்தை. முழுக்க அவதான்,” என்றான். என்னைப் பார்த்து உண்மையான பெருமையோடு சொன்னான். அவன் கொஞ்சமாவது அலட்டிக்கொண்டிருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

படம் பிடித்தபோது பதிவான ஒலி எதற்கும் உதவாது என்று முதலிலேயே தெரியும். தெருமுனையில் மெட்ரோவுக்குத் தோண்டுகிறார்கள். காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி வேறு. அதனால் எல்லா வசனத்தையும் பிறகு டப்பிங்கில் பேசிச் சேர்ப்பது என்று முடிவு. எடுக்கும்போது பதிவானது ஒரு அடையாளத்துக்கு மட்டும். பைலட் ட்ராக் என்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டே உதட்டசைவுக்குப் பொருத்தமாக மறுபடி பேச வேண்டும்.

டப்பிங் ஆதம்பாக்கத்தில் அவன் அறையில் நடந்தது. அவனுடைய மர அலமாரியில் இருந்த சட்டைகளை வெளியே எறிந்துவிட்டு, உள்ளே மூன்று தடித்த ரஜாய்ப் போர்வைகளைத் தொங்கவிட்டு, நடுவே மைக்கை வைத்தாள் தோழி. மே மாதம். சத்தம் வரும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தோம். அவன் பனியனோடு தலையை அலமாரிக்குள் நுழைத்துக்கொண்டு பேசினான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே வந்து, “மச்சி, இட்லியாயிட்டேன்,” என்பான். பிறகு மறுபடி உள்ளே போவான்.

நாலாவது காட்சி வருவதற்கு முன் தோழி தண்ணீர் கேன் வாங்கக் கீழே இறங்கினாள். அவள் போன பிறகு நான் சொன்னேன்.

“இந்த இடத்துல ஸ்க்ரிப்ட்ல இருக்கறதையே பேசிடேன்.”

“எது? சாதமா? உதடு வேற மாதிரி அசையுதே.”

“கிட்டத்தட்ட ஒரே நீளம்தான். நீ ஒட்டிடுவ.”

“ஏன், அது நல்லால்லயா?”

கேட்டபோது அவன் தலை அலமாரிக்குள் இருந்தது. முகம் தெரியவில்லை. அதுவே எனக்குத் தைரியம் கொடுத்தது.

“கொஞ்சம் ஓவராப் போயிடுச்சுடா. மேடை மாதிரி இருக்கு. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. படத்துல குறைச்சுப் பண்ணணும்.”

ரஜாய்களுக்கு நடுவே தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “சரி, நீ சொன்னா சரிதான்,” என்றான்.

ஆறே டேக்கில் ஒட்டிவிட்டான். ‘பருக்கை பருக்கையா’ இருந்த இடத்தில் ‘இப்பல்லாம் சாதம்’ அச்சாக உட்கார்ந்தது. அவன் உதட்டில் என் வசனம். தோழி திரும்பி வந்து கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். “பைலட்ல சவுண்ட் ரொம்ப மோசமா இருந்துச்சு, என்ன சொன்னான்னே புரியல,” என்றேன். எல்லாக் காட்சியிலும் பைலட் அதே அளவு மோசமாகத்தான் இருந்தது. அவள் அடுத்த காட்சியைத் திறந்தாள்.

படம் தயாரானதும் சித்தி வீட்டுக் கூடத்தில் டிவியில் போட்டுக் காட்டினோம். சித்தி, சித்தப்பா, இரண்டாவது மாடி மாமி, மாமியின் மாட்டுப்பெண். பாதியில் நிறுத்திவிட்டு, “யார் திருடன்?” என்று கேட்பது என் திட்டம். நிறுத்தினேன். கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் மாமி சொல்லிவிட்டார்.

“இதென்ன கேள்வி? சாதம் போடறானே, அவன்தான். எல்லார் ஆத்துலயும் விசில் போயிண்டிருக்கு, அவன் ஆத்துல மட்டும் ஒரு வாரமா சாதம் நன்னா வர்றதுன்னு அவனே ஒத்துக்கறானே.”

மாட்டுப்பெண்ணும் தலையாட்டினாள். மீதி எட்டு நிமிடம் எல்லோரும் மரியாதைக்காகப் பார்த்தார்கள். சித்தப்பா மட்டும் தன் முகம் வரும் இடங்களில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முடிந்ததும் சித்தி குழப்பமாக, “அன்னிக்கு அந்தத் தம்பி வேற என்னமோ சொன்னானே? நாங்கள்ளாம் சிரிச்சோமே? அது எங்க போச்சு?” என்றார்.

“சவுண்ட் சரியில்ல சித்தி.”

ஒரு வாரம் எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. கதையில்தான் கோளாறு என்று நினைத்தேன். முதல் காட்சியை மாற்றலாமா, இன்னொருவர் மேல் சந்தேகம் வரும்படி ஒரு காட்சி சேர்க்கலாமா என்று நோட்டில் எழுதி எழுதி அடித்தேன். அடையாரில் ஒரு கஃபேயின் மாடியில், ஐந்தாறு குழுக்கள் எடுத்த குறும்படங்களைச் சேர்த்து ஒரு ஞாயிறு காலை திரையிட ஏற்பாடு ஆகியிருந்தது. எங்கள் படமும் அதில் இருந்தது. பத்தே நாள்தான் மிச்சம்.

அப்போதுதான் தோழி அசோக் நகரில் அவள் வீட்டுக்கு வரச் சொன்னாள். போனதும் உட்காரக்கூட விடவில்லை.

“நேத்து எங்க ஆஃபீஸ் ஜனத்துக்குப் படத்தப் போட்டேன். அஞ்சு பேர். பாதியில நிறுத்திக் கேட்டேன். ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கல.”

“எப்படி? மாமி ரெண்டு செகண்ட்ல...”

“டப்பிங் பண்ணினத போடல. பழைய பைலட்டப் போட்டேன். அவன் சொன்ன வசனத்தோட. காய்கறி வண்டி கத்துது, மெட்ரோ தோண்டறான், ஆனா எல்லாரும் அந்த இடத்துல விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சிரிச்சுக்கினு இருக்கும்போது சாதத்த எவன்டி யோசிப்பான்?”

நான் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தேன்.

“பைலட்ல என்ன சொன்னான்னே புரியலன்னியே? எங்க ஆஃபீஸ்ல காது மந்தமா இருக்கறவரே புரிஞ்சு சிரிச்சாரு.”

“சரி, அதுக்கு இப்ப என்ன?”

“வயித்தெரிச்சல்னா வயித்தெரிச்சல்னு சொல்லுடி. ஏத்துக்கறேன். எனக்கும் உண்டு. நான் ரெண்டு நாள் தோள் வலிக்க கேமரா புடிச்சேன், உங்க சித்தி என் பேரு என்னன்னுகூடக் கேக்கல. ஆனா சவுண்டு சவுண்டுன்னு கத விடாத. சவுண்டு நான்.”

அவள் சொன்னதில் எனக்கு உறைத்தது திட்டு அல்ல. துப்பைச் சிரிப்புக்கு அடியில் ஒளித்து வைக்க வேண்டும் என்ற பாடம், இந்த மாதிரிப் படத்துக்கு அடிப்படையான பாடம், எனக்கு நன்றாகத் தெரியும். ஊரார் படத்துக்கெல்லாம் சப்டைட்டில் போடும்போது நான் கவனித்து மெச்சிய வித்தை அது. அவன் தெரியாமலே அதைச் செய்திருக்கிறான். நான் தெரிந்தே அதை அழித்திருக்கிறேன். என் படத்தில்.

மறுநாள் மதியம் தி. நகர் போனேன். வேலை நாள், கூட்டம் இல்லாத நேரம். அவன் மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு அம்மாவுக்கும் மகளுக்கும் பட்டு விரித்துக்கொண்டிருந்தான். எப்போதும் அவனைச் சுற்றி இருக்கும் சிரிப்புச் சத்தம் இல்லை. “இது பார்டர். இது முந்தி. இது பிளவுஸ்,” என்று படித்துக்கொண்டிருந்தான். அவர்கள் எழுந்து போனதும் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். கல்லாவில் இருந்த மாமாவும் என்னைப் பார்த்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

“என்ன மாதிரி பாக்கறீங்க மேடம்?” என்று சத்தமாகக் கேட்டு, தாழ்ந்த குரலில், “மாமா இருக்காரு. புடவை பாக்கற மாதிரி பேசு,” என்றான்.

“காட்டன் காட்டுங்க,” என்றேன். “நாலாவது சீன் மறுபடி டப் பண்ணணும்.”

முதல் புடவை விரிந்தது. “ஏன், நல்லா ஒட்டலையா?”

“ஒட்டிச்சு. பழைய வசனமே வேணும். நீ சொன்னது.”

“அது ஓவர்னியே.”

“ஓவர் இல்ல.”

இரண்டாவது புடவை. கையை மடிப்பிலேயே வைத்திருந்தான். “மச்சி, போன வாரம் வளசரவாக்கத்துல ஒரு சீரிஸுக்கு ஆடிஷன் போனேன். பேப்பர் குடுத்தாங்க. ஒரு எழுத்துகூட மாத்தல. கையக்கூட அசைக்கல. நீ சொன்ன மாதிரியே குறைச்சுப் பண்ணேன். ஆடிஷன் எடுத்த அம்மா, ‘உங்களுக்கு உடம்பு சரியில்லையா’ன்னு கேட்டாங்க.”

கல்லாவிலிருந்து குரல் வந்தது. “ஏல, அந்த மயில்கழுத்துக் கலரக் காட்டு அவங்களுக்கு!”

“காட்றேன் மாமா! மேடம், இது பாருங்க.” மூன்றாவது. “நீ சொன்னத நம்பினேன்.”

அவனிடம் சொல்வதற்கு நான் பேருந்தில் ஒன்று தயாரித்து வைத்திருந்தேன். படத்தின் தொனி, தாளம், இயக்குநரின் பார்வை என்றெல்லாம் வரும். மயில்கழுத்து நிறம் மடியில் விரிந்து கிடக்க, அது எதுவும் வாயில் வரவில்லை.

“நல்லா இருந்துச்சுடா. நான் எழுதினதவிட நல்லா இருந்துச்சு. அதனாலதான் மாத்தினேன்.”

அவன் நிமிர்ந்தான். கோபத்துக்காகக் காத்திருந்தேன். அவன் கல்லாப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, “எவ்ளோ நல்லா இருந்துச்சு?” என்றான்.

“என்ன?”

“எவ்ளோ நல்லா இருந்துச்சுன்னு சொல்லு. மூணு வாரம் தூங்கல நான். இப்ப மெதுவா, விவரமா சொல்லணும்.”

சொன்னேன். சித்தி சரிந்தது, தோழியின் அலுவலகத்தில் ஐந்து பேர் சிரித்தது, துப்பு அதற்குக் கீழே மறைந்தது, எல்லாவற்றையும். அவன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு புடவை விரித்தான்.

“டைட்டில்ல உன் பேரப் போடறேன்,” என்றேன் கடைசியில். “நடிகர் லிஸ்ட்ல மட்டும் இல்ல. கடைசி கார்டுல, நன்றின்னு...”

“நன்றி எதுக்கு? வசனம்னு போடு.”

வயிற்றில் பழைய இடத்தில் பற்றியது. “ஒரு வசனம்தான?”

“அந்த ஒரு வசனம்தான உன்ன இங்க வர வச்சுது?”

“கூடுதல் வசனம்னு போடறேன். சின்னதா.”

“அதே சைஸ்.”

“கொஞ்சம் சின்ன சைஸ்.”

“ஃபிக்ஸட் ரேட் மேடம்,” என்றான், கடை முழுவதும் கேட்கும்படி. மாமா திருப்தியாகத் தலையாட்டினார்.

சரி என்றேன். பதினொரு புடவை விரித்த பிறகு ஒன்றும் வாங்காமல் எழுந்து போக முடியாது என்பதால் மயில்கழுத்தையும் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு மறுபடி ஆதம்பாக்கம், அலமாரி, ரஜாய். ஆனால் வசனம் வரவில்லை. வார்த்தைகள் எல்லாம் அப்படியே வந்தன, உதடும் ஒட்டியது, சிரிப்பு மட்டும் இல்லை. பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. பதினாலு தடவை பேசினான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவன் என்னிடம், “தப்பா எடுத்துக்காத. நீ கொஞ்சம் வெளில நில்லேன். நீ கேட்டுக்கினு இருக்கன்னு தெரிஞ்சா எனக்கு வரமாட்டேங்குது,” என்றான்.

என் படத்தின் டப்பிங்கிலிருந்து என்னை வெளியே அனுப்பினான். போனேன். பால்கனியில் யாரோ காயவைத்த பெட்ஷீட்டுகளுக்கு நடுவே நின்றேன். கதவு சாத்தியிருந்தது. ஐந்து நிமிடம் போனது. பிறகு உள்ளே தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க முயன்று தோற்ற சத்தம் கேட்டது. வந்துவிட்டது என்று புரிந்தது. நிம்மதியும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. எது முதலில் வந்தது என்று சத்தியமாகத் தெரியாது.

அடையார் கஃபே மாடியில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். சன்னல்களில் கறுப்புத் துணி. எங்கள் படம் மூன்றாவது. நான் கடைசி வரிசையில், திரையைப் பார்க்காமல் முதுகுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாவது காட்சி வந்தது. ‘நம்ம ஃப்ளாட்ஸ் மாதிரி’ என்று அவன் சொன்னதும் முதுகுகள் எல்லாம் முன்னால் சாய்ந்தன. சென்னையில் ஃப்ளாட்ஸில் குடியிருக்காதவர் யார்? சிரிப்பு போய்க்கொண்டே இருந்தது. ஒருவருக்கும் சாதத்தின் மேல் சந்தேகம் வரவில்லை. கடைசிக் காட்சியில் திருடன் பிடிபட்டதும், ஓர் அம்மா, “அட, அந்தச் சாதம்!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். இந்த ஒரு சத்தத்துக்காகத்தான் ஏழு மாதம் எழுதினேன்.

ஆனால் வேறொன்றும் நடந்தது. அவன் வசனத்துக்கு அடுத்தபடியாகச் சித்தப்பா தட்டையே பார்த்துக்கொண்டு, “இத மினிட்ஸ் புக்ல ஏத்தணுமா?” என்று கேட்பார். அது நான் எழுதியது. மொத்தப் படத்திலும் நான் எழுதியதில் எனக்கு மிகப் பிடித்தது. அந்தச் சிரிப்பில் அது மூழ்கியே போனது. யாருக்கும் கேட்கவில்லை. சித்தப்பாவின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. மக்களுக்கு அது ஏதோ பிசகு போலப் பட்டிருக்கும்.

மறுநாள் தோழியிடம், அந்த வசனத்தை எடுத்துவிடச் சொன்னேன். அந்த இடத்தில் சித்தப்பா சும்மா மெல்லட்டும், இரண்டு விநாடி, அதற்குள் பார்ப்பவர்கள் சிரித்து முடிக்கட்டும்.

“இது உன்னோடதுடி,” என்றாள். “ஏழு மாசமா சொல்லிக்கினு இருந்தியே.”

“தெரியும். எடு.”

ஒரு சொடுக்கில் போய்விட்டது. அடுத்து இன்னொரு இடத்தில் காட்டியபோது சிரிப்பு இன்னும் நீண்டது. சித்தப்பா மெல்லுவதற்கும் தனியாகச் சிரித்தார்கள். முடிந்ததும் பேசியவர்களில் ஒருவரும் எதையும் காணோம் என்று சொல்லவில்லை.

அவனால் அன்று கடையிலிருந்து வர முடியவில்லை. தோழி அனுப்பிய புது வடிவத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு மாலை கூப்பிட்டான்.

“மச்சி, சாதம் சீன்ல ஏதோ கொறையுதே. உங்க சித்தப்பா ஒண்ணு சொல்வாரே. மினிட்ஸ் புக்கு.”

“எடுத்துட்டேன். யாருக்கும் கேக்கல.”

“லூசா நீ? அதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. ஷூட்டிங்ல அத நினைச்சு நினைச்சு எனக்குச் சிரிப்பு வந்துக்கினே இருந்துச்சு.” பிறகு, என்னைக் கேட்காமல், சித்தப்பாவின் குரலில், தொண்டையைக் கனைத்து, பையிலிருந்து பேனா தேடுகிற இடைவெளியைக்கூட விட்டு, அதைச் சொல்லிக் காட்டினான். “இத... மினிட்ஸ் புக்ல ஏத்தணுமா?”

பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. சித்தப்பா சொன்னதைவிட நன்றாக இருந்தது. நான் எழுதியபோது என் தலைக்குள் கேட்டதைவிடவும் நன்றாக இருந்தது. சிரிப்பு அடங்குவதற்குள்ளேயே எரிச்சல் ஏறிவிட்டது. பேருந்து வருகிறது என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தேன். வரவில்லை.